ஆறு பாய் அறையில் பன்னிரண்டு நாள்

“பர்னிச்சர் கடை வேலைக்கு ஜப்பானுக்கா போகணும்? நம்ம திருநெல்வேலி டவுன்ல இல்லாத கடையா?”

என் அக்கா எட்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி இது. அவள் மகள் டோக்கியோவில் இன்டீரியர் டிசைனராக இருக்கிறாள். வீட்டின் உள்பக்கத்தை வசதியாகவும் அழகாகவும் அமைத்துக் கொடுக்கிற உத்தியோகம் என்று எத்தனை தடவை விளக்கினாலும், “அப்ப கல்யாண மேடை ஜோடனை மாதிரியா?” என்று அடுத்த கேள்வி வந்து விழும். பெண்ணுக்கு முப்பது வயதாகிவிட்டது. பெற்றவள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருக்கிறாள். அவளைக் குற்றம் சொல்லி என்ன பயன்?

சென்ற நவம்பர் மாதம் நான் டோக்கியோ போய்ப் பன்னிரண்டு நாள் இருந்துவிட்டு வந்தேன். டிக்கெட் அனுப்பியது அந்தப் பெண்தான். அம்மாவைத்தான் கூப்பிட்டாள். அக்காவுக்கு முழங்கால் வலி, விமானம் என்றால் பயம் வேறு. ஆகவே தங்கையான நான் தூது! கையில் இரண்டு காரியங்கள். மதுரையில் நல்ல வரன் ஒன்று வந்திருக்கிறது, பேசிச் சம்மதிக்க வைத்து ஊருக்குத் திரும்பச் சொல்ல வேண்டும். அடுத்தது, அம்பாசமுத்திரத்தில் எங்கள் அம்மாவின் பழைய வீட்டை இடித்துக் கட்ட அவளிடம் சம்மதம் வாங்க வேண்டும். அம்மா கடைசிக் காலத்தில் வீட்டைப் பேத்தி பேருக்கு எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டாள். (எனக்கும் இதில் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. அதை இங்கே எழுதப் போவதில்லை!)

பெட்டியில் பருப்புப்பொடி, முறுக்கு, நார்த்தங்காய் ஊறுகாய், கூடவே ஒரு பத்தமடைப் பாய். இந்தப் பாயைச் சுமந்துகொண்டு சிங்கப்பூரில் விமானம் மாறியதை நினைத்தால் இப்போதும் தோள் வலிக்கிறது.

பாப்பா (வீட்டில் அவளை இப்படித்தான் கூப்பிடுவோம்) குடியிருப்பது நிஷிகசாய் என்ற பேட்டையில். நம் நாட்டவர் நிறையக் குடியிருக்கிற இடம். துவரம்பருப்பு, புளி, கறிவேப்பிலை எல்லாம் கிடைக்கிறது. நான் கட்டிச் சென்ற மூட்டையைப் பார்த்து அவள் சிரித்ததில் நியாயம் உண்டு.

வீட்டுக்குள் நுழைந்ததும் என் கண் கலங்கிவிட்டது. ஒரு சின்ன அடுக்களை, அதை ஒட்டி ஒரே ஓர் அறை. அந்த அறையில் ஒன்றுமே இல்லை! கட்டில் இல்லை, பீரோ இல்லை, நாற்காலி இல்லை. தரையில் பாய், காலடி உயரத்தில் ஒரு சின்ன மேஜை, அவ்வளவுதான். ஊரார் வீட்டையெல்லாம் ஜோடிக்கிற பெண் தன் வீட்டுக்கு ஒரு கட்டில் வாங்க வழியில்லாமல் இருக்கிறாளே என்று மனசு அடித்துக்கொண்டது.

“சித்தி, அழாதீங்க. இங்கே பாருங்க” என்று ஒரு பக்கத்துச் சுவரைத் தள்ளினாள். சுவர் நகர்ந்தது! சுவர் என்று நான் நினைத்தது கெட்டிக் காகிதம் ஒட்டிய தள்ளுகதவு. உள்ளே ஆள் படுக்கிற ஆழத்துக்கு இரண்டு தட்டு அலமாரி. மேல் தட்டில் மெத்தை, ரஜாய், தலையணை. கீழ்த்தட்டில் பெட்டி, இஸ்திரிப்பெட்டி, புத்தகங்கள், குளிர்காலத் துணி, எல்லாம் அடுக்காக. இதற்கு ‘ஓஷிஇரே’ என்று பெயர். இரவில் மெத்தையை எடுத்து விரித்தால் அது படுக்கையறை. காலையில் மடித்து உள்ளே வைத்து மேஜையை நடுவில் இழுத்துப்போட்டால் சாப்பாட்டு அறை. மாலையில் ஆள் வந்தால் வரவேற்பறை. வெயில் அடிக்கிற நாளில் அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாம் பால்கனிக் கம்பியில் மெத்தையைப் போட்டுக் கிளிப் மாட்டிக் காய வைக்கிறார்கள்.

ஜப்பானியப் பாயின் பெயர் ‘தத்தாமி’. ஏறக்குறைய மூன்றடி அகலம், ஆறடி நீளம், ஒரு மனிதர் படுக்கிற அளவு. உள்ளே வைக்கோல் அழுத்திய திண்டு, மேலே கோரை மாதிரிப் புல்லில் நெய்த பாய். இங்கே அறையைச் சதுர அடியில் சொல்வதில்லை. நாலரைப் பாய் அறை, ஆறு பாய் அறை, எட்டுப் பாய் அறை என்றுதான் கணக்கு. பாப்பாவினுடையது ஆறு பாய் அறை.

அன்று இரவு படுத்துக்கொண்டு புல் வாசனையை முகர்ந்தபோதுதான் எங்கள் வீட்டுப் பட்டாசல் ஞாபகம் வந்தது. எங்கள் பக்கத்தில் கூடத்துக்குப் பட்டாசல் என்று பேர். பகலில் அங்கே அப்பா கணக்கு எழுதுவார், அம்மா அப்பளம் இடுவாள், நாங்கள் பல்லாங்குழி ஆடுவோம். ராத்திரி எட்டு மணிக்கு மூலையில் நிற்கும் பாய்கள் விரியும், பன்னிரண்டு பேர் வரிசையாகப் படுப்போம். விடிந்தால் பாய் சுருண்டு மூலைக்குப் போகும், தலையணை மச்சுக்குப் போகும். கட்டில் என்பது தாத்தாவுக்கு மட்டும் தார்சாவில் ஒன்று. ஆக, நான் பார்த்து அழுதது என் சொந்த வீட்டைத்தான்!

மறுநாள் காலையில்தான் அடுக்களைச் சுவரில் மாட்டியிருந்த போட்டோவைக் கவனித்தேன். வளைந்த சாய்வு நாற்காலியில் ஒரு வெள்ளைக்காரப் பெண் காலை உயர்த்திப் படுத்திருக்கிறாள். முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு.

“யாருட்டி இது, மூஞ்சியைக் காட்டாம?”

“சார்லோத் பெரியாண். எங்க தொழிலுக்கு மூத்தவங்க. எனக்குக் கிட்டத்தட்ட குலதெய்வம்னு வச்சுக்கோங்க” என்றாள் பாப்பா. பிறகு பன்னிரண்டு நாளும் போகிற இடமெல்லாம் இந்த அம்மாள் கதைதான். நானும் காது கொடுத்துக் கேட்டேன். கேட்கக் கேட்க, இதை நம் சகோதரிகளுக்குச் சொல்லாமல் இருக்கக் கூடாது என்று தோன்றிவிட்டது.

1903-ல் பாரிஸில் பிறந்தவர். அப்பா தையற்காரர், அம்மாவும் உயர்தர உடைகள் தைக்கிறவர். உள் அலங்காரக் கலை படித்து முடித்து, 1927-ல் லெ கார்பூசியே என்ற பெரிய கட்டடக் கலைஞரிடம் வேலை கேட்டுப் போனார். (நம் சண்டிகருக்குத் திட்டம் போட்டவர் இவர்தான்.) அவர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இங்கே குஷனுக்குப் பூத்தையல் போடுகிற வேலை இல்லை என்கிற அர்த்தத்தில் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டாராம்! என் அக்கா கேட்கிற கேள்விக்கு இது ஒன்றும் குறைந்ததல்ல. அதே வருஷம் ஒரு கண்காட்சியில் இந்தப் பெண் எஃகிலும் கண்ணாடியிலும் அமைத்த ஒரு சின்ன அறையைப் பார்த்த பிறகு, அவரே கூப்பிட்டு வேலை கொடுத்தார். பத்து வருஷம் அங்கே இருந்தார். போட்டோவில் இருக்கும் சாய்வு நாற்காலி அப்போது செய்தது. ரொம்ப காலம் அதைப் பெரியவர் பேரால்தான் உலகம் சொல்லிக்கொண்டிருந்தது. இப்போதுதான் அவருடைய உறவினர் பியர் ஜான்னரே, இந்த அம்மாள் இருவர் பேரையும் சேர்த்து மூன்று பேராகச் சொல்கிறார்கள். முகம் அந்தப் பக்கம் திரும்பியிருப்பதைப் பார்த்தால் எனக்கென்னவோ இதுதான் ஞாபகம் வருகிறது.

1940-ல் ஜப்பான் அரசாங்கத்தின் வணிகத் தொழில் அமைச்சகம் அவரை அழைத்தது. பாரிஸில் அவரோடு வேலை செய்த சகாகுரா என்ற ஜப்பானியர் செய்த ஏற்பாடு. ஜப்பானியக் கைத்தொழில் பொருள்களை மேல்நாட்டவர் வாங்கும்படி எப்படிச் செய்யலாம் என்று ஆலோசனை சொல்ல வேண்டும். அந்த வருஷம் ஜூன் 14-ஆம் தேதி ஜெர்மானியப் படை பாரிஸுக்குள் புகுந்தது. மறுநாள் மார்செய் துறைமுகத்திலிருந்து ‘ஹகுசான் மாரு’ என்ற கப்பலில் இவர் புறப்பட்டார். பிறந்த ஊர் பகைவன் கையில். போகிற ஊரில் பாஷை தெரியாது. முப்பத்தாறு வயதுப் பெண். நான் சிங்கப்பூர் விமான நிலையத்தில் கேட் தெரியாமல் பதறியதை இந்த இடத்தில் நினைத்து வெட்கப்பட்டேன்.

வந்தவர் ஓட்டலில் உட்கார்ந்து அறிக்கை எழுதவில்லை. ஊர் ஊராகச் சுற்றினார். துணைக்கு வந்த வாலிபர் சோரி யானகி. அவருடைய தகப்பனார் சோஎத்ஸு யானகி, பேர் தெரியாத கைத்தொழிலாளிகள் அன்றாடப் புழக்கத்துக்குச் செய்த சட்டி, கூடை, துணி இவற்றில்தான் உண்மையான அழகு இருக்கிறது என்று நாடெங்கும் சொல்லி, 1936-ல் டோக்கியோவின் கொமாபா பகுதியில் ஒரு மியூசியமே தொடங்கியவர். பாப்பா என்னை அங்கே அழைத்துப் போனாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும். பெரிய மர வீடு, வழவழத்த படிக்கட்டு. கண்ணாடிப் பெட்டிகளில் என்ன இருக்கிறது என்கிறீர்கள்? ஊறுகாய் ஜாடி! எண்ணெய்த் தட்டு! முதுகில் சுமை தூக்கும்போது உறுத்தாமலிருக்க வைக்கோலில் பின்னிய திண்டு! வைக்கோலிலேயே பின்னிய மழை அங்கி ஒன்றும் இருந்தது. எங்கள் ஊரில் நாற்று நடுகிற பெண்கள் மழைக்குப் போட்டுக்கொள்ளும் ஓலைக் கொங்காணிக்கு அக்கா தங்கை மாதிரி. நான் அந்த ஜாடிகளின் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். எங்கள் அம்மாவின் சீனா ஜாடிகள் இரண்டை நான்தான் போன வருஷம் பழைய சாமான்காரனுக்குப் போட்டேன்.

அந்த வைக்கோல் அங்கி பின்னுகிற ஊர்களுக்கும் பெரியாண் அம்மாள் போயிருக்கிறார். வடக்கே யமகட்டா பக்கம், ஷின்ஜோ என்ற ஊர். குளிர்காலத்தில் ஆள் உயரம் பனி விழும் இடம். பனிக்காலத்தில் வயலில் வேலை இல்லாத குடியானவர்கள் வீட்டில் உட்கார்ந்து வைக்கோல் பின்னுவார்கள். அதே பின்னலில் அவர் சாய்வு நாற்காலிக்கு மெத்தை செய்யச் சொன்னார். யுத்த காலம், இரும்புக்கும் எஃகுக்கும் கட்டுப்பாடு. எஃகுக் குழாயில் செய்து பேர் வாங்கிய தன் சாய்வு நாற்காலியையே மூங்கில் பட்டைகளைக் கொண்டு திரும்பச் செய்தார். படம் பார்த்தேன். அழகுதான். ஆனால் நான் அதில் படுத்தால் எழுப்பிவிட இரண்டு ஆள் வேண்டும்.

இப்படிச் செய்தவற்றையும், தேடி எடுத்தவற்றையும் 1941-ல் டோக்கியோவிலும் ஒசாகாவிலும் தகாஷிமாயா என்ற பெரிய கடையில் கண்காட்சியாக வைத்தார். ஒரு குழந்தை கிறுக்கிய படத்தை அப்படியே பெரிய திரையாக நெய்யச் சொல்லித் தொங்கவிட்டாராம்! சுவரில் கிறுக்கிய பிள்ளையை அடிக்கக் கை ஓங்குகிறவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம். டோக்கியோவில் நிஹொம்பாஷி தகாஷிமாயா 1933-ல் கட்டிய கட்டடம், இன்றும் கடையாகவே நடக்கிறது. லிஃப்டில் வெள்ளைக் கையுறை போட்ட பெண் குனிந்து வணங்கி மாடி மாடியாகப் பேர் சொல்கிறாள். விலையைப் பார்த்துவிட்டு நாங்கள் வணக்கத்தை மட்டும் வாங்கிக்கொண்டு கீழே இறங்கினோம்.

கியோட்டோவுக்கு ஒரு நாள் ரயிலில் போனோம். அங்கே ஷுகாகுஇன் என்று ஒரு பழைய அரண்மனைத் தோட்டம். பதவி துறந்த ஒரு சக்கரவர்த்தி பதினேழாம் நூற்றாண்டில் மலைச்சரிவில் கட்டிக்கொண்டது. கட்டணம் கிடையாது, ஆனால் அனுமதி வாங்க வேண்டும். பாஸ்போர்ட் காட்ட வேண்டும். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அனுமதி இல்லை, ஆகவே கைக்குழந்தைக்காரர்கள் போக முடியாது. ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் ஏறி இறங்க வேண்டும். என் முழங்காலும் அக்காவின் முழங்காலும் ஒரே வயிற்றில் பிறந்தவை என்பது அன்றைக்குத் தெரிந்தது. மேப்பிள் இலைகள் குங்குமமாகச் சிவந்திருந்தன. அதைப் பார்த்துக் கால் வலியை மறந்தேன் என்று எழுதினால் பொய்.

அங்கே ஒரு மாளிகையின் அறையை வெளியே நின்று பார்க்கலாம். சுவரில் ஐந்து பலகைகள், ஒரே வரிசையாக இல்லாமல் மேலும் கீழுமாக, மூடுபனி மிதக்கிற மாதிரி பதித்திருக்கிறார்கள். ‘மூடுபனி அலமாரி’ என்றே அதற்குப் பெயர். அதில் ஒரு சாமான்கூட இல்லை. பெரியாண் இதைப் பார்த்துவிட்டுப் போய்த்தான் பிற்பாடு பாரிஸில் ‘மேகம்’ என்ற பெயரில் புத்தக அலமாரிகள் செய்தாராம்.

“சித்தி, நம்ம வீட்ல ஷோகேஸ்ல எத்தனை சாமான் இருக்கும்?” என்று கேட்டாள் பாப்பா.

எங்கள் வீட்டு ஷோகேஸில் தலையாட்டிப் பொம்மை முதல், மகன் ஆறாம் வகுப்பில் வாங்கிய கப்பு வரை நெருக்கியடித்து நிற்கும். தூசி தட்டுவதற்கே ஞாயிற்றுக்கிழமை போதாது. ஜப்பானிய வீட்டில் மாடம் மாதிரி ஒரு ‘தொகொனொமா’ உண்டு. ஒரு சித்திரச் சுருள், ஒரு பூ, அவ்வளவுதான். பருவம் மாறினால் அதைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டு வேறொன்று. மற்றதெல்லாம் அலமாரிக்குள். நாமும் கொலுவுக்கு இப்படித்தானே செய்கிறோம்? வருஷம் பூராவும் பெட்டியில் தூங்கும் பொம்மைகள் ஒன்பது நாள் வந்து உட்காருவதால்தானே அவ்வளவு ஆசையாக இருக்கிறது? ஊருக்கு வந்ததும் ஷோகேஸில் பாதியைப் பெட்டியில் கட்டினேன். என் வீட்டுக்காரர் இன்னும் அந்தக் கப்பைத் தேடுகிறார்.

கண்காட்சி நடந்த அதே வருஷம் டிசம்பரில் ஜப்பான் யுத்தத்தில் இறங்கியது. பெரியாணுக்குப் பிரான்சு திரும்ப வழியில்லை. 1942 முடிகிற சமயத்தில் இந்தோசீனாவுக்குப் போனார். அங்கே ஒரு பிரெஞ்சுக்காரரை மணந்தார். 1944-ல் பெண் குழந்தை பிறந்தது. யுத்தம் நடக்கிறது, சொந்த ஊர் எங்கேயோ, பெற்றவர்கள் பக்கத்தில் இல்லை, அந்நிய மண்ணில் தலைப்பிரசவம். சீமந்தத்துக்குப் பிறகு தாய்வீட்டுக்கு வந்து, வெந்நீர் வைத்துக் கொடுக்க நாலு பேர் இருந்தும் பயந்தவர்கள் நாம். ஊர் திரும்பியது 1946-ல். ஆறு வருஷம்!

திரும்பிப் போய்ச் செய்த வேலைகளில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான். மார்செயில் 1952-ல் கட்டி முடித்த ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு, முந்நூற்றுக்கும் மேலான குடும்பங்களுக்கு. அதன் சமையலறைக்கு மாதிரி வகுத்துக் கொடுத்தவர் இவர். அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடுவே முழுச் சுவர் எழுப்பாமல், இடுப்பு உயர மேடையும் அதன்மேல் திறப்பும் வைத்தார். சமைக்கிறவள் இந்தப் பக்கம் நின்றே பிள்ளைகளோடும் விருந்தாளிகளோடும் பேசலாம், பாத்திரத்தை அப்படியே நீட்டலாம். இன்றைக்கு எல்லா பிளாட்டிலும் இருக்கிறதே என்பீர்கள். அன்றைக்கு அது புதுசு. நான் இருபத்திரண்டு வருஷமாகக் கதவடைத்த அடுக்களையில், குக்கர் விசிலுக்கு நடுவே, கூடத்தில் எல்லாரும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் தாளித்துக்கொண்டிருக்கிறவள். அந்தப் படத்தைப் பார்த்தபோது என் நிலைமை தெரிந்த ஒருத்தி இருந்திருக்கிறாள் என்று தோன்றியது.

1953-ல் கணவருக்கு டோக்கியோவில் வேலை அமைந்து, குடும்பத்தோடு மறுபடி ஜப்பான் வந்தார். ஜப்பானியப் பொம்மலாட்டத்தில் பொம்மையை ஆட்டுகிறவர்கள் மேடையிலேயே, தலை முதல் கால்வரை கறுப்பு உடுத்தி நிற்பார்கள். இருந்தும் இல்லாத மாதிரி. அதைப் பார்த்து, ஒரே பலகையை வளைத்துக் கறுப்பு நாற்காலி ஒன்று செய்தார். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிடலாம். பெயர் ‘நிழல்’. பிற்காலத்தில் ஆல்ப்ஸ் மலையில் பனிச்சறுக்கு விடுதிகள், 1993-ல் பாரிஸில் யுனெஸ்கோ முற்றத்தில் ஒரு தேநீர்க் குடில் என்று தொண்ணூறு வயதுவரை ஓயாமல் வேலை செய்து, 1999-ல் காலமானார். துணைக்கு வந்த வாலிபர் சோரி யானகியும் ஜப்பானின் பெரிய டிசைனர் ஆனார். பாப்பா வீட்டு அடுப்பில் இருக்கும் வெந்நீர்க் கெட்டில் அவர் வடிவமைத்ததுதான். மூக்கிலிருந்து ஒரு சொட்டுக்கூடச் சிந்துவதில்லை, நானே ஊற்றிப் பார்த்துவிட்டேன்.

பதினோராம் நாள் இரவு பேச்சை ஆரம்பித்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

“அம்மா எதுக்கு உங்களை அனுப்பினாங்கன்னு எனக்குத் தெரியும் சித்தி. நான் ஊரை மறந்துட்டேன்னு நினைக்காங்க. இங்க வந்த முதல் வருஷம் எங்க ஆபீஸ்ல ஒரு பழைய வீட்டைச் சரிபண்ற வேலை. பெரியவர் ஒருத்தர், ‘உங்க ஊர்ல வீடு எப்படி இருக்கும், வரைஞ்சு காட்டு’ன்னார். நான் ஆச்சி வீட்டை வரைஞ்சேன். தார்சா, பட்டாசல், முற்றம், அரங்கு. அவர் ரொம்ப நேரம் பார்த்துட்டு, ‘இவ்வளவு இடத்தைக் காலியா விட உங்க ஆட்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தாங்க?’ன்னு கேட்டார். எனக்குப் பதில் தெரியல. அந்த வீட்ல பிறந்து வளர்ந்த எனக்கே அதுவரைக்கும் அது காலி இடமாத்தான் தெரிஞ்சுது.”

அலமாரிக்குள்ளிருந்து ஒரு காகிதச் சுருளை எடுத்து, நான் கொண்டுபோன பத்தமடைப் பாயின்மேல் விரித்தாள். அம்மா வீட்டின் வரைபடம். பட்டாசல் அப்படியே இருக்கிறது. அரங்கின் ஒரு சுவரில் தள்ளுகதவு வைத்துப் படுக்கை அடுக்க இடம். முற்றத்தை ஒட்டி, படி ஏறாமல் போகிற மாதிரி உள்ளேயே குளியலறை, சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி. “இது அம்மா முழங்காலுக்கு” என்றாள். அடுக்களைச் சுவரில் பட்டாசலைப் பார்த்து ஒரு திறப்பு. “இது நீங்க வந்து தாளிக்கும்போது பேசுறதுக்கு.”

இடிப்பதற்குச் சம்மதப் பத்திரம் என் கைப்பையிலேயே இருந்தது. நான் அதை வெளியே எடுக்கவில்லை. மதுரை வரனைப் பற்றிக் கேட்டேன். “அவரை ஒரு தடவை என்கூட பேசச் சொல்லுங்க. எனக்கு இங்க வேலை இருக்குன்னு தெரிஞ்சுகிட்டுப் பேசச் சொல்லுங்க” என்றாள்.

ஊருக்கு வந்து அக்காவிடம் சுருளைக் கொடுத்தேன். தூதின் லட்சணத்துக்கு நன்றாகத் திட்டு வாங்கினேன். “போன காரியம் ரெண்டும் முடியல, கெட்டில் கதை சொல்லுதா!” என்று என் வீட்டுக்காரரிடமே புகார். சாயந்தரம் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரைபடத்தை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்காத மாதிரி இருந்தேன்.

“இந்தக் கம்பி எதுக்காம்?”

சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அடுக்களைச் சன்னலை மேற்கே வச்சிருக்கா. மூணு மணி வெயில் முகத்துல அடிக்கும். போன்ல சொல்லு” என்றாள்.

பாப்பா பொங்கலுக்குப் பத்து நாள் லீவில் வருகிறாள், அளவு டேப்போடு. வீட்டை இடிக்க அட்வான்ஸ் வாங்கிய மேஸ்திரியிடம் தை பிறக்கட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறோம். மதுரைக்காரர்களுக்கு இன்னும் பதில் எழுதவில்லை.